மராமத்தா, மேம்பாடா? வாடகை வீட்டு வரியின் கதை



சென்ற பொதுக்குழுவில் லிஃப்ட் மாற்றுவது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் இருந்துகொண்டு இங்கே தன் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர் ஒருவர் வீடியோவில் கையைத் தூக்கினார். “லிஃப்டுக்கும் மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் நான் தரப்போகும் பணத்தை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். “அப்படியானால் அந்தப் பணம் என் வரிக் கணக்கில் எங்கேயுமே வராதா?” என்றார். அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. மணி ஒன்றரை ஆகிவிட்டது, பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். நம் காலாண்டிதழில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். இந்த விஷயத்தை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் கையைச் சுட்டுக்கொண்டதுதான். அது பின்னால் வருகிறது.

நான் கல்லூரியில் படித்தது 1970-களின் கடைசியில். வருமான வரிப் பாடத்தில் ‘வீட்டுச் சொத்து வருமானம்’ என்ற தலைப்பு வந்த அன்று எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். மாத வாடகை 100 ரூபாய், வருடத்துக்கு 1,200. அதில் மராமத்துக்காக ஆறில் ஒரு பங்கு, 200 ரூபாய், கழிவு. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “சார், அந்த வருஷம் வீட்டுக்காரர் ஒரு ஆணிகூட அடிக்கலைன்னா?” என்று கேட்டான். “அப்பவும் 200.” “ஐந்நூறு ரூபாய் செலவு பண்ணியிருந்தா?” “அப்பவும் 200. உட்காரு.” வகுப்பே சிரித்தது. அன்று நான் அதைப் பரீட்சைக்கான விதியாக மட்டும் எழுதிக்கொண்டேன்.

அந்த ஆறில் ஒன்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் வருமான வரி 1860-ல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தது. 1857 கலகத்தால் காலியான கஜானாவை நிரப்புவதற்காக இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டவர் அவர். சட்டம் வந்த சில வாரங்களிலேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். வரி மட்டும் போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் நிலைத்துவிட்டது. நம் கணக்குக்கு முக்கியமானது 1922 சட்டம். அதன் 9-வது பிரிவுதான் வீட்டு வாடகையைத் தனித் தலைப்பாக வைத்து, வீட்டுக்காரர் மராமத்துப் பொறுப்பை ஏற்றிருந்தால் ஆண்டு மதிப்பில் ஆறில் ஒரு பங்கைக் கழிக்கச் சொன்னது. இங்கிலாந்திலும் 1894 நிதிச் சட்டம் வீடுகளுக்கு ஆறில் ஒன்று, நிலங்களுக்கு எட்டில் ஒன்று என்று கழிவு கொடுத்திருந்தது. நம் சென்னையிலேயே 1919 மாநகராட்சிச் சட்டம் சொத்து வரி போடும்போது கட்டட வாடகையில் நூற்றுக்குப் பத்தைக் கழித்தது. மராமத்தோ வேறு எதுவோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுதான் கழிவு, இதற்கு மேல் கேட்காதே என்று அந்தப் பிரிவிலேயே எழுதியும் வைத்தது.

ஏன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பங்கு? கொத்தனார் கூலிக்கு ரசீது கேட்டுப் பாருங்கள், புரியும். ஒரு வார்டில் எத்தனை வீடு, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஓட்டை, எது உண்மையான செலவு, எது பொய்க் கணக்கு என்று எந்த அதிகாரி உட்கார்ந்து பார்க்க முடியும்? அதைவிட, இது மராமத்தா அல்லது வீட்டையே பெரிதாக்கும் வேலையா என்ற சண்டை தினம் நடக்கும். சட்டம் அந்தச் சண்டைக்கே இடம் வைக்கவில்லை. எவ்வளவு செலவு செய்தாய் என்று கேட்கமாட்டேன், நீயும் பில் காட்டாதே என்பதுதான் ஒப்பந்தம்.

கிளார்க்காக இருந்தவனுக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. வீட்டுக்கு நல்லதா என்றால், இல்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளை வாடகைக் கட்டடத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் உள்ளே வெள்ளையடிப்பது வங்கியின் பொறுப்பு, கட்டட மராமத்து சொந்தக்காரர் பொறுப்பு. ஐப்பசி வந்தால் லெட்ஜர்கள் மேல் தண்ணீர் சொட்டும். நாங்கள் பாலிதீன் விரிப்பைப் போட்டு மூடிவைத்து, ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பதிவு போடுவோம். சொந்தக்காரருக்கு மேனேஜர் கடிதம் எழுதியபடியே இருந்தார். அவர் தளத்தைத் தொடவே இல்லை. ஆனால் வருடா வருடம் ஆறில் ஒரு பங்கு கழிவு அவருக்கு வந்துகொண்டிருந்திருக்கும். அடுத்த தெருவில் ஒழுங்காகத் தட்டோடு மாற்றிய வீட்டுக்காரருக்கும் அதே ஆறில் ஒன்றுதான்.

குடித்தனக்காரரே மராமத்துச் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தால் கணக்கு வேறு. ஆண்டு மதிப்புக்கும் அவர் கொடுக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம்தான் கழிவு, அதுவும் ஆறில் ஒன்றைத் தாண்டக் கூடாது. அதனால் அந்தக் கால வாடகைப் பத்திரங்களில் ‘மராமத்து யாருடையது’ என்ற வரி வரிக் கணக்கையும் தொட்டது.

இந்த ஆறில் ஒன்று 1961 சட்டத்துக்கும் அப்படியே வந்தது. கூடவே வாடகை வசூல் செலவு, காப்பீட்டுத் தவணை, காலியாக இருந்த மாதங்கள் என்று சில்லறைக் கழிவுகள் ஒரு வரிசை. 1990-களில் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்று ஏறியது. 2001 பட்ஜெட்டில் யஷ்வந்த் சின்ஹா சில்லறைகளையெல்லாம் கூட்டித் துடைத்துவிட்டு, நூற்றுக்கு 30 என்று ஒரே கழிவாக்கினார். கடன் வட்டி மட்டும் தனியாக நின்றது. இன்றைக்கும் அதுதான். மாதம் 20,000 ரூபாய் வாடகை வருகிறதென்றால் வருடத்துக்கு 2,40,000. நீங்கள் கட்டிய சொத்து வரி 6,000 போக 2,34,000. அதில் 30 சதவீதம் 70,200 கழிந்து, 1,63,800-க்கு வரி. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த 30 உண்டு. சென்ற ஏப்ரல் முதல் 1961 சட்டத்தின் இடத்துக்கு 2025 சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, 30 மாறவில்லை.

ஆகவே பெங்களூர் நண்பரின் முதல் கேள்விக்குப் பதில்: லிஃப்டோ வாட்டர் ப்ரூஃபிங்கோ, வாடகையில் தனியாகக் கழிக்க முடியாது. நீங்கள் 5 ரூபாய் செலவழித்தாலும் 5 லட்சம் செலவழித்தாலும் அந்த 30-க்குள் அடக்கம்.

அப்படியானால் மராமத்து எது, மேம்பாடு எது என்ற கேள்வியே வரியில் கிடையாதா? உண்டு. வீட்டு வாடகையில்தான் கேட்கவில்லை, வியாபாரத்தில் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடை, ஆலை, தியேட்டர் நடத்துகிறவர்களுக்கு 30 சதவீதச் சலுகை இல்லை, உண்மையான செலவைத்தான் கழிக்க வேண்டும். மராமத்து என்றால் அந்த வருடமே முழுவதும் கழியும். மூலதனச் செலவு என்றால் தேய்மானமாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் சண்டை. இந்தச் சண்டையில் பிறந்த தீர்ப்புகள்தான் நம் லிஃப்டைப் புரிந்துகொள்ள உதவுகின்றன, அதனால் இரண்டு மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது வரி வழக்கே இல்லை. லண்டனில் ஹாட்டன் கார்டன் என்ற தெருவில் ஒரு மிகப் பழைய வீடு. முன்சுவர் ஆபத்தான நிலையில் இருக்கிறது, இடித்துக் கட்டு என்று நகர நிர்வாகம் உத்தரவு போட்டது. சொந்தக்காரர்கள் கட்டிவிட்டு, மராமத்துப் பொறுப்பு உன்னுடையதுதானே என்று குத்தகைதாரரிடம் பணம் கேட்டார்கள். அவரோ, அஸ்திவாரத்திலிருந்து புதுச் சுவரே எழுப்பியிருக்கிறீர்கள், இது எப்படி மராமத்து என்றார். 1911-ல் அப்பீல் நீதிமன்றம் அது மராமத்துதான் என்று சொன்னது. சுவர் முழுவதும் புதிது, ஆனால் வீட்டைப் பொறுத்தவரை சுவர் ஒரு பாகம். பாகத்தை மாற்றினால் மராமத்து, முழுசையே மாற்றினால் புதுக் கட்டுமானம். எது முழுசு, எது பாகம் என்று பார்க்கும் இந்த அளவுகோலை நம் நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டன.

1956-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நியூ ஷாராக் ஆலை வழக்கில் தலைமை நீதிபதி சாக்ளா இதை இன்னும் எளிமையாக்கினார். இருக்கும் சொத்தைக் காப்பாற்றி வைத்திருக்கச் செய்த செலவா, அல்லது புதிய சொத்தோ புதிய ஆதாயமோ உண்டாகச் செய்த செலவா என்று பார்க்கச் சொன்னார். 1997-ல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு, ஒரு சினிமா தியேட்டரை அடியோடு புதுப்பித்த செலவை ‘நடப்பு மராமத்து’ அல்ல என்று தள்ளியது. எந்திரம், இருக்கை, வயரிங், கட்டட வேலை எல்லாம் ஒரேயடியாகச் செய்தால் அது புதுத் தியேட்டர்தானே!

2007-ல் வந்தது நம் பக்கத்து வழக்கு, சரவணா ஸ்பின்னிங் மில்ஸ். நூற்பாலையில் பழைய ரிங் ஃபிரேமை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். பஞ்சு உள்ளே போனால் நூலாக வெளியே வரும்வரை ஆலை மொத்தமும் ஒரே எந்திரம், ரிங் ஃபிரேம் அதில் ஒரு பாகம், ஆகவே மராமத்து என்பது ஆலையின் வாதம். உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ரிங் ஃபிரேம் தனக்கென்று வேலை உள்ள தனி எந்திரம், அதை மாற்றியது பழைய சொத்துக்குப் பதிலாகப் புதுச் சொத்து வாங்கியது என்றது. ஹாட்டன் கார்டன் சுவர் வீட்டின் பாகம், ரிங் ஃபிரேம் ஆலையின் பாகம் அல்ல. கோடு எவ்வளவு மெல்லியது பாருங்கள்.

இன்னொரு வழக்கு ஒரு கப்பலைப் பற்றியது. பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு அது உதவும். 1919-ல் லா ஷிப்பிங் என்ற கம்பெனி, பரிசோதனைக் கெடு தாண்டிய ஒரு பழைய கப்பலை வாங்கியது. ஒரு பயணம் ஓட்டிவிட்டுப் பெரிய அளவில் ரிப்பேர் செய்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை மராமத்து என்று ஏற்கவில்லை. முந்தைய சொந்தக்காரர் காலத்தில் சேர்ந்த பழுது அது, அதனால்தானே கப்பல் மலிவாகக் கிடைத்தது, ஆகவே இந்தச் செலவும் வாங்கிய விலையின் ஒரு துண்டு என்றது. நம் ஊரிலும், வாங்கிய வீட்டைக் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவரச் செய்த செலவை வாங்கிய விலையோடு சேர்க்கலாம் என்று வரித் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. ரீசேல் ஃபிளாட் வாங்கிக் குடிவரும் முன் பைப்லைன், தரை என்று மாற்றுகிறவர்கள் அந்த பில்களைக் கிரயப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு வைத்திருப்பவர்களும், 30 போதாது என்று நினைத்தால், நான் செய்வது வியாபாரம் என்று சொல்லி உண்மைச் செலவுக் கணக்குக்கு மாறப் பார்த்ததுண்டு. சென்னையில் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட சென்னை ப்ராப்பர்ட்டீஸ் என்ற கம்பெனிக்கு 2015-ல் உச்ச நீதிமன்றம், ஆமாம், இது வியாபார வருமானம்தான் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அந்த வழியில் போகப் பலர் ஆசைப்பட்டார்கள். 2024-ல் அரசு குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை கதவைச் சாத்திவிட்டது. குடியிருக்க விடும் வீட்டின் வாடகை வீட்டுச் சொத்து வருமானம்தான், வியாபாரம் அல்ல. மறுபடியும் 30.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்தப் பணம் எங்கேயுமே வராதா?

வரும், விற்கும் அன்றைக்கு. மூலதன ஆதாய வரி நம் நாட்டில் 1947 பிப்ரவரியில் லியாகத் அலி கான் போட்ட பட்ஜெட்டில் பிறந்தது. இரண்டே வருடத்தில் போனது. 1956-ல் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது திரும்பி வந்தது. அந்த முதல் சட்டத்திலேயே ஒரு வாசகம் வைத்தார்கள்: வீட்டின் விலையோடு அதில் செய்த கூடுதல், மாறுதல் வேலைகளின் மூலதனச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வருமானக் கணக்கில் ஏற்கெனவே கழிக்க இடமுள்ள செலவைச் சேர்க்கக் கூடாது. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் சலுகை வேண்டாம் என்பதுதான் கருத்து. 2023-ல்கூட, வாடகையில் கழித்த வீட்டுக் கடன் வட்டியை விற்கும்போது விலையோடும் சேர்த்தவர்களை இதே காரணத்துக்காகத்தான் நிறுத்தினார்கள்.

ஆக, நூற்றாண்டு கடந்த பிறகு நிலவரம் இது. மராமத்துச் செலவு 30-க்குள் முடிந்துபோகிறது, பிறகு எங்கும் வராது. மேம்பாட்டுச் செலவுக்கு இன்றைக்கு எந்தப் பலனும் இல்லை, ஆனால் அது உங்கள் வீட்டு விலையோடு ஒட்டிக்கொண்டு, பத்து இருபது வருடம் கழித்து விற்கும்போது எழுந்து வரும். வாடகைக்கு விடும் இத்தனை வருடமும் யாரும் கேட்காத கேள்வியை அந்த ஒரு நாளில் கேட்பார்கள். அன்று கையில் பில் இருக்க வேண்டும்.

என்னிடம் இல்லை.

அப்பா கட்டிய வீடு அது. கீழே நாங்கள், மாடிப் போர்ஷன் வாடகைக்கு. 2012-ல் மாடியில் ஒரு அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டினேன். 4 லட்சம் ஆயிற்று. அதே சமயம் பழைய தளத்துக்கு ஒழுகல் வேலையும், வீடு முழுக்கப் பெயின்டும். எல்லா பில்களையும் ஒரு பைலில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வருடம் ரிட்டர்ன் போடும்போது, “வாடகைக்கு 30 பெர்சென்ட் ஆட்டோமேட்டிக்காக் கழியும், பில் ஒண்ணும் வேண்டாம்” என்று தெரிந்தவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். கல்லூரியில் நான் படித்ததும் அதுதான். ஒரு போகிக்கு அந்த பைல் பழைய பேப்பரோடு போய்விட்டது.

2022-ல் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தோம். ஆடிட்டர் கணக்குப் போட உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “2001-க்கு அப்புறம் ஏதாவது கட்டினீங்களா சார்?” வீடு அதற்கு முன்பே எங்களுடையது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை விலையாக எடுத்தார். அதற்கு முன் செய்த கூடுதல் வேலைகள் அந்த மதிப்புக்குள்ளேயே அடக்கம், பிறகு செய்ததுதான் தனியாக வரும். மாடி அறையைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். “பில்?” என்றார். என்னிடம் இருந்தது 2012 டைரி. மேஸ்திரிக்கு 15,000, மணல் ஒரு லோடு, கம்பி என்று என் கையெழுத்தில். பாஸ்புக்கில் பணம் எடுத்த பதிவுகள் இருந்தன, எதற்கு எடுத்தேன் என்று பாஸ்புக் சொல்லாது. பிளான் அப்ரூவல் இருக்கிறதா என்றார். சொத்து வரி அதற்கப்புறம் கூடியதா என்றார். அந்த அறையைப் பற்றி நான் மாநகராட்சிக்குச் சொல்லவே இல்லை. தெருவில் யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. அதை ஆடிட்டர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போது பணவீக்கக் குறியீட்டு எண் உண்டு. 2012-13-க்கு 200, விற்ற 2022-23-க்கு 331. என் 4 லட்சம் 6,62,000 ஆகியிருக்கும். அவ்வளவு ஆதாயம் குறைந்து, 20 சதவீத வரியில் 1,32,400 ரூபாய் மிஞ்சியிருக்கும், செஸ் தனி. நோட்டீஸ் வந்தால் காட்ட ஒன்றும் இல்லை என்பதால் நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. கையெழுத்து இல்லாத வவுச்சரை 36 வருடம் கவுன்டரிலிருந்து திருப்பி அனுப்பியவன் நான்!

2024 ஜூலை 23-க்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. வீடு விற்றால் குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம். எதிர்ப்பு வந்ததால், அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய வீடு, மனைகளுக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் கூட்டுக் குடும்பங்களும் பழைய 20 சதவீதக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். எந்தக் கணக்கானாலும் மேம்பாட்டுச் செலவு கழியும். என் 4 லட்சத்துக்குப் புதிய கணக்கில் 50,000 ரூபாய் மிச்சம். குறைவுதான், ஆனால் பூஜ்யத்தைவிட மேல். சொந்தமாகக் குடியிருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். உங்களுக்கு வாடகையும் இல்லை, 30-ம் இல்லை, ஆனால் விற்கும் நாளில் மேம்பாட்டுக் கணக்கு எல்லோருக்கும் பொது.

சரி, நம் கட்டடத்துக்கு வருவோம். என் புத்திக்கு எட்டியவரை சொல்கிறேன், உங்கள் ஆடிட்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங் மராமத்து. இருந்த தளத்தை ஒழுகாமல் காப்பாற்றுகிறோம், புதிதாக ஒன்றும் வரவில்லை. வெளிப்புறப் பெயின்டும் அப்படியே. பார்க்கிங்கில் போடப்போகும் மின்வாகன சார்ஜிங் இணைப்புகள், சோலார் பேனல் இரண்டும் இதுவரை இல்லாதவை, கூடுதல் என்பதில் சந்தேகம் இல்லை. சமையலறை அலமாரி, மரவேலை போன்ற ஃபிளாட்டின் உள் வேலைகளில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சுவரோடு சேர்ந்த வேலைக்கு வாய்ப்பு அதிகம், நகர்த்தக்கூடிய சாமானுக்கு இல்லை. பால்கனியை மூடி அறையாக்கியவர்கள் அந்த பில்லைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், செயலாளர் காதில் விழும்.

தகராறு லிஃப்டில்தான். ரோப், மோட்டார் மட்டும் மாற்றினால் மராமத்து. ஆனால் நாம் பேசுவது பழைய லிஃப்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு, தானாக மூடும் கதவும் கூடுதல் கொள்ளளவும் கொண்ட புது லிஃப்ட். ஹாட்டன் கார்டன் வழியில் பார்த்தால் லிஃப்ட் கட்டடத்தின் ஒரு பாகம், மராமத்து. ரிங் ஃபிரேம் வழியில் பார்த்தால் தனி எந்திரம், புதுச் சொத்து. வேடிக்கை என்னவென்றால், ஆலைக்காரருக்குத் தோல்வியாக வந்த தீர்ப்பு நமக்குச் சாதகம். அவருக்கு மராமத்து என்றால் லாபம், நமக்கு மூலதனச் செலவு என்றால்தான் லாபம். கொள்ளளவும் வசதியும் கூடுவதால் இதை மேம்பாடு என்று சொல்ல நமக்கு நல்ல வாதம் இருக்கிறது என்பது என் கட்சி. அதிகாரி வேறு மாதிரி சொல்லலாம். பில்லே இல்லாவிட்டால் வாதாடவும் வழி இல்லை.

சங்கத்தின் பெயரில் வரும் பில்லை நாம் ஒவ்வொருவரும் எப்படிக் காட்டுவது? இதற்காகச் செயற்குழுவிடம் மூன்று கோரிக்கை வைத்தேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வாட்டர் ப்ரூஃபிங்குக்கும் லிஃப்டுக்கும் தனித்தனி ஜிஎஸ்டி பில் தர வேண்டும், ‘கட்டட வேலை மொத்தம்’ என்று ஒரே வரியில் தந்தால் வாங்கக் கூடாது. லிஃப்ட் பணம் மாதப் பராமரிப்போடு கலக்காமல் தனி ரசீதில் வசூலாகும். வேலை முடிந்ததும் என்ன வேலை, மொத்தம் எவ்வளவு, உங்கள் ஃபிளாட்டின் பங்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்று ஒவ்வொரு உரிமையாளருக்கும் சங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வரும். கார்பஸ் நிதியிலிருந்து எடுக்கும் பகுதியையும் அதில் பங்கு பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன், அதுவும் நம் பணம்தான்.

அந்தக் கடிதத்தைக் கிரயப் பத்திரம் இருக்கும் பையிலேயே வையுங்கள், ரிட்டர்ன் பைலில் வேண்டாம். ரிட்டர்ன் பைல் ஏழெட்டு வருடத்தில் குப்பைக்குப் போகும், பத்திரம் போகாது. வெளியூர் உரிமையாளர்களுக்கு மின்னஞ்சலில் நகல் போகும், அசல் வேண்டுமென்றால் அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். பழைய வேலைகளுக்கு, 2016-ல் போர்வெல் போட்டது, ஜெனரேட்டர் வாங்கியது இரண்டுக்கும் பில்கள் சங்க அலமாரியில் இரண்டாவது தட்டில் கிடைத்திருக்கின்றன. எழுத்து மங்க ஆரம்பித்துவிட்டது, ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். செவ்வாய், வியாழன் காலை 11 முதல் 1 வரை அங்கேதான் இருப்பேன்.